பிரகிருதியும் ஸ்வபாவமும்

ஸ்ரீ:

மலை, கடல், மழை, மரம் ஆகியவற்றை உலகம் 'இயற்கை' என்று சொல்லுகிறது. பசித்தவன் உண்பதும், தாய் தன் மகவை அணைப்பதும் 'இயற்கை' எனப்படுகின்றன. முன்கோபி ஒருவன் இல்லத்திலுள்ளோர் அனைவரையும் வைது தீர்த்துவிட்டு, சற்றுப் பொறுத்து, 'என்ன செய்வது, அது என் இயற்கை' என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறான். வயது முதிர்ந்த ஒருவர் உலகை நீத்தால், 'இயற்கை எய்தினார்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ஒரே சொல் நான்கு இடங்களில் நான்கு வேடம் பூண்டு வருகிறது.

இதை ஆராய்வது வெறும் அகராதி வேலையன்று. அந்த முன்கோபி சொன்ன சமாதானம் செல்லுமா, செல்லாதா என்ற கேள்வி இச்சொல்லுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. செல்லுமாயின் சாஸ்த்ரங்கள் எதற்கு? ஆசார்யர்களின் உபதேசம் எதற்கு? கல்லின் இயற்கை கனம், நெருப்பின் இயற்கை சூடு, இவனுடைய இயற்கை கோபம் என்று முடித்துவிட்டால், வெயிலென்றும் மழையென்றும் பாராமல் வந்து எம்பெருமானைச் சேவிக்கும் அன்பர்கள், வந்தபடியே திரும்பிப் போகவேண்டியதுதான்.

தமிழில் ஒரு சொல் நிற்குமிடத்தில் வடமொழியில் பல சொற்கள் நிற்கின்றன. ப்ரக்ருதி, ஸ்வபாவம், ஸ்வரூபம், ஸஹஜம் என்பவை அவற்றுள் சில. இவற்றுள் மிகுந்த தூரம் பிரயாணம் செய்த சொல் ப்ரக்ருதி. எதிலிருந்து வேறொன்று விளைகிறதோ, அந்த மூலத்துக்கு அப்பெயர். வேதம் ஓதுவோர் ஸம்ஹிதை, பதம், க்ரமம் என்னும் மூன்றையும் ப்ரக்ருதி பாடங்கள் என்றும், அவற்றிலிருந்து பின்னப்படும் ஜடை, கனம் முதலியவற்றை விக்ருதி பாடங்கள் என்றும் சொல்வர். வைத்தியர் ஒருவருடைய உடற்கூற்றில் வாதமோ பித்தமோ கபமோ மேலோங்கியிருப்பதை அவருடைய ப்ரக்ருதி என்பர். அரச நீதி நூல்களில் அமைச்சர் முதலிய ராஜ்ய அங்கங்களுக்கும், குடிமக்களுக்குமே ப்ரக்ருதிகள் என்று பெயர். தமிழ் இலக்கணம் பயிலும் பள்ளிப் பிள்ளைகள் பகுதி, விகுதி என்று சொற்களைப் பிரிக்கிறார்களே, அவ்விரண்டும் ப்ரக்ருதி, விக்ருதி என்பவற்றின் தமிழ் வடிவங்களே. 'அவர் ஒரு விசித்திரப் பிரகிருதி' என்று வீட்டுத் திண்ணைகளில் பேசிக்கொள்வதுண்டு. வேதத்திலே தொடங்கிய சொல் திண்ணை வரையில் வந்து சேர்ந்தது. அங்கேயும் அது கௌரவம் குறையாமல் அமர்ந்திருக்கிறது.

வேதாந்தத்தில் இச்சொல்லுக்கு உள்ள இடமோ மிகப் பெரிது. கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் தனக்கு இரண்டு ப்ரக்ருதிகள் உண்டு என்று அருளிச்செய்கிறான். நிலம், நீர், தீ, காற்று, வானம், மனம், புத்தி, அகங்காரம் என எட்டாகப் பிரிந்து நிற்பது ஒன்று; அது தாழ்ந்தது. உயிர்களின் தொகுதியாய் நின்று இவ்வுலகைத் தாங்குவது மற்றொன்று, அது மேலானது. தாழ்ந்ததையும் மேலானதையும் ஒருசேர 'என்னுடையது' என்று அவன் சொன்னதே இங்கு நெஞ்சில் பதிய வேண்டிய செய்தி. மண்ணும் அவனுடைய உடைமை, மண்ணில் நடக்கும் மனிதனும் அவனுடைய உடைமை.

பிள்ளை லோகாசார்யர் தத்வத்ரயத்தில், முக்குணங்களும் கலந்த இந்த அசித்துக்கு ப்ரக்ருதி, அவித்யை, மாயை என்று மூன்று பெயர்கள் வந்த காரணத்தைக் காட்டியருளினார். விகாரங்களைப் பிறப்பிப்பதால் ப்ரக்ருதி. ஞானத்துக்கு எதிராய் நிற்பதால் அவித்யை. விசித்திரமான ஸ்ருஷ்டியைச் செய்வதால் மாயை. மூலப்ரக்ருதி தொடங்கி மண் ஈறாக 24 தத்துவங்களாய் அது விரிகிறது. அது பொய்யன்று, கனவன்று. பகவானுக்குச் சரீரமாய் உள்ள மெய்ப்பொருள். ப்ருஹதாரண்யக உபநிஷத்தின் அந்தர்யாமி ப்ராஹ்மணம் நிலத்தையும் நீரையும் காற்றையும் வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றும் அவனுக்கு உடல் என்று ஓதுகிறது. உடையவரின் சித்தாந்தத்துக்கு அஸ்திவாரம் அதுவே.

மேல்நாட்டு மொழிகளில் 'நேச்சர்' என்று வழங்கும் சொல், லத்தீன் மொழியில் 'பிறத்தல்' என்னும் வினையடியாக வந்தது. கிரேக்கர்கள் 'வளர்தல்' என்னும் பொருளிலிருந்து தங்கள் சொல்லை ஆக்கிக்கொண்டனர். பிறப்பதும் வளர்வதும் இயற்கை என்று அவர்கள் கண்டது பிழையன்று. ஆயினும் பிற்காலத்தில் இயற்கையைத் தானே ஆளும் ஓர் அரசியைப் போல எழுதும் வழக்கம் வந்துவிட்டது; 'இயற்கை அன்னை தண்டித்தாள்', 'இயற்கை சீறியது' என்றெல்லாம் தமிழிலும் அது பரவிவிட்டது. கீதையின் ஒன்பதாம் அத்தியாயம் அந்த அரசியின் சிம்மாஸனத்துக்கு மேலே ஒருவன் வீற்றிருந்து மேற்பார்வை செய்வதைக் காட்டுகிறது. அவன் கண்காணிப்பிலேயே ப்ரக்ருதி அசைவனவற்றையும் அசையாதனவற்றையும் ஈன்றெடுக்கிறது.

இதைத் தர்க்கத்தால் அறிந்தவர் பலர். கண்ணால் கண்டவர் நம்மாழ்வார். திருவாய்மொழியின் நான்காம் பத்து, நான்காம் திருவாய்மொழியில் பராங்குச நாயகியின் தாய் பேசுகிறாள். மகள் மண்ணைத் துழாவி, இது வாமனன் அளந்த மண் என்கிறாளாம். வானத்தைக் கைகூப்பி, அவன் வாழும் வைகுந்தம் அது என்கிறாளாம். மழை பெய்தால் நாரணன் வந்துவிட்டான் என்று ஆடுகிறாளாம். கொழுந்துவிட்டெரியும் நெருப்பைத் தழுவி அச்சுதன் என்கிறாள். அது அவளைச் சுடவில்லையாம். பெற்றவளுக்கோ இது பித்து என்று தோன்றுகிறது. மண்ணும் மழையும் நெருப்பும் அவனுடைய திருமேனி என்று உபநிஷத்து ஓதியதை ஒரு பெண் அப்படியே நம்பிவிட்டால் அவள் இப்படித்தானே நடந்துகொள்வாள்? ஓதுகிறவர்கள் ஏன் இப்படி நடப்பதில்லை என்பதுதான் வியப்பு.

இது வரையில் சொன்னது வெளியே விரிந்து கிடக்கும் ப்ரக்ருதி. முன்கோபியின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. அதற்கு விடை காண்பதற்குத் துணைபுரியும் ஒரு விதி, யாரும் எதிர்பாராத இடத்தில், தமிழ் இலக்கணத்தில் இருக்கிறது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் இயற்கைப் பொருளுக்கும் செயற்கைப் பொருளுக்கும் வெவ்வேறு பேச்சுமுறை வகுத்தார். இயற்கைப் பொருளைச் சொல்லும்போது 'இத்தன்மையது' என்று மட்டும் சொல்லவேண்டும். செயற்கைப் பொருளைச் சொல்லும்போதோ, 'ஆயிற்று' என்பது போன்ற ஆக்கச் சொல் கொடுத்துச் சொல்லவேண்டும். நெருப்பு சுடும் என்பதே மரபு. நெருப்பு சுடுவதாயிற்று என்று யாரும் சொல்வதில்லை. எருவிட்டு நீர் பாய்ச்சிய பின் பயிர் செழித்ததைச் சொன்னால், பயிர் நன்றாயிற்று என்று சொல்லலாம். முன்பு ஒரு விதமாக இருந்து, பின்பு ஒரு காரணத்தால் வேறு விதமாக மாறியதற்கே 'ஆயிற்று' பொருந்தும். எதற்கு 'ஆயிற்று' வேண்டாமோ, அதுவே இயற்கை. இலக்கண ஆசிரியர் வாக்கியம் அமைக்கக் கற்பித்த விதி, வேதாந்திக்கு ஆத்மாவை அறியும் உரைகல்லாக வந்து வாய்த்தது.

இந்த உரைகல்லைத் தியாகராய நகரத்தின் மேலேயே உரைத்துப் பார்க்கலாம். ஸர் பிட்டி தியாகராயர் பெயரைத் தாங்கி நிற்கும் இந்நகரம், 1920-களில் மாம்பலம் ஏரியின் நீரை வடித்து அமைக்கப்பட்டது. ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்று அழைத்த, நுங்கம்பாக்கத்துப் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் நோக்கி நீண்டு கிடந்த பெரும் நீர்நிலையின் பகுதி அது. கரை இருந்த இடத்தில் சாலை வந்தது. அலை இருந்த இடத்தில் பனகல் பூங்காவைச் சுற்றி வீதிகள் வந்தன. இன்று வெங்கடநாராயணா சாலையில் திருவேங்கடமுடையான் எழுந்தருளியிருக்கிறான். கோபதி நாராயண செட்டி சாலையில் பத்மாவதித் தாயாருக்கு 2023-ஆம் ஆண்டில் ஸம்ப்ரோக்ஷணம் நடந்தது. ரங்கநாதன் தெருவிலோ, பாத்திரம் வாங்க வருவோரும் புடவை வாங்க வருவோரும் நாள்தோறும் 'ரங்கநாதன் தெரு எங்கே?' என்று கேட்டுக்கொண்டே நடக்கிறார்கள். மகன் பெயரைச் சொல்லி அழைத்த அஜாமிளனுக்கு நாராயணன் இரங்கியது மெய்யானால், வழி கேட்டவர்களையும் திருவரங்கன் கணக்கில் எழுதிக்கொள்ளக்கூடும்.

ஏரி நகரமாயிற்று. இந்த வாக்கியத்தில் 'ஆயிற்று' இருக்கிறது. நீர் பள்ளத்தை நாடும் என்ற வாக்கியத்தில் 'ஆயிற்று' இல்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பரிலும், 2021-ஆம் ஆண்டு நவம்பரிலும் பெருமழை பெய்தபோது இவ்வட்டாரத்துத் தெருக்களில் நீர் தேங்கி நின்றது. இயற்கை சீறிற்று என்று பலர் சொன்னார்கள். நீர் சீறவில்லை, யாரையும் தண்டிக்கவும் இல்லை. பள்ளத்தை நாடுவது அதன் ஸ்வபாவம். பழைய பள்ளம் எங்கேயோ அங்கே வந்து நின்றது. நூறு ஆண்டுகள் மேலே கட்டடம் எழுப்பினாலும் பொருளின் இயல்பு அடியிலே விழித்துக்கொண்டுதான் இருக்கிறது.

மனிதனுடைய கோபத்துக்கு இப்போது திரும்பலாம். அது 'ஆயிற்று' என்று சொல்லத்தக்கதா, சொல்லத்தகாததா?

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில், அறிவுடையவனும் தன் ப்ரக்ருதிக்குத் தக்கவாறே நடக்கிறான், அடக்குவது என்ன செய்யும் என்னும் கருத்து வருகிறது. முன்கோபிக்கு இதைவிட இனிய சுலோகம் வேறு கிடைக்குமா? ஆனால் எம்பெருமானார் தம் பாஷ்யத்தில் அங்குள்ள ப்ரக்ருதி என்னும் சொல்லுக்கு, நெடுங்காலமாகப் பழகி வந்த வாஸனை என்று பொருள் காட்டியருளினார். அஃது ஆத்மாவின் சொந்த இயல்பு அன்று; பழக்கத்தால் ஏறிய மணம். புளிக்குழம்பு வைத்த பாத்திரத்தில் புளி நாறுவது பாத்திரத்தின் குணமாகுமோ? இதற்கு அடுத்த சுலோகத்திலேயே, விருப்பு வெறுப்புக்களின் வசத்தில் சிக்காதே, அவை வழிமறிக்கும் பகைவர் என்று கண்ணபிரான் எச்சரிக்கிறான். தன்னுடைய இயல்பையே பகைவன் என்று சொல்வார் உண்டோ? வெளியிலிருந்து வந்ததைத்தான் பகைவன் என்று சொல்ல முடியும்.

இதை முழுதாக விளக்கும் கதை ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் ஆறாம் அம்சத்தில் இருக்கிறது. ஆளவந்தாரின் திருவுள்ளத்தைத் தலைமேற்கொண்டு பராசரர் பெயர் விளங்கும்படி செய்த உடையவர், அப்புராணத்தின்மேல் எத்தனை பற்றுடையவர் என்பதை அன்பர்கள் அறிவர். கதையோ அதிகம் பேசப்படுவதில்லை, பேசப்படாதது நஷ்டமே.

ஜனக வம்சத்தில் காண்டிக்யன், கேசித்வஜன் என இருவர் இருந்தனர். உடன்பிறந்த இருவரின் புதல்வர்கள். காண்டிக்யன் கர்ம மார்க்கத்தில் வல்லவன். கேசித்வஜன் ஆத்ம வித்தையில் வல்லவன். ஒருவரை ஒருவர் வெல்லவேண்டும் என்பது அவர்களுக்குப் பிறவியோடு வந்தது போன்ற பகை. கேசித்வஜன் வென்றான். காண்டிக்யன் நாட்டை இழந்து, புரோஹிதரும் மந்திரிகளும் சிறு பரிவாரமும் உடன்வரக் காட்டிலே புகுந்தான்.

கேசித்வஜன் யாகங்கள் செய்துகொண்டிருந்தான். ஒருநாள் அவனுடைய வேள்விப் பசுவைப் புலி கொன்றுவிட்டது. ப்ராயச்சித்தம் என்ன என்று ரித்விக்குகளைக் கேட்டான். தெரியாது, கசேருவைக் கேளும் என்றார்கள். கசேரு சுனகரைக் கேள் என்றார். சுனகரோ, 'இதை அறிந்தவன் இப்போது பூமியில் ஒருவனே. அவன் உன்னால் துரத்தப்பட்ட உன் பகைவன் காண்டிக்யன்' என்றார். வேறொரு அரசனாயிருந்தால் யாகத்தைக் கைவிட்டிருப்பான். கேசித்வஜன் கணக்குப் போட்டான்: போனால் அவன் கொல்லக்கூடும், கொன்றால் வேள்விக்காக உயிர்விட்ட பலன் கிட்டும். சொல்லிவிட்டானாகில் வேள்வி குறையின்றி முடியும். க்ருஷ்ணாஜினம் போர்த்துத் தேரேறி, தனியே காட்டுக்குப் போனான்.

தூரத்தில் அவனைக் கண்டதும் காண்டிக்யனின் கண்கள் சிவந்தன. வில்லை வளைத்தான். 'மான்தோல் போர்த்து வந்தால் கொல்லமாட்டேன் என்று நினைத்தாயோ? மானின் முதுகிலும் அதே தோல்தான் இருக்கிறது. அவற்றின் மேல் நீயும் நானும் அம்பு எய்ததில்லையா?' என்றான். கேசித்வஜன், 'கொல்ல வரவில்லை. ஒரு ஸந்தேஹம் கேட்க வந்தேன். கோபத்தையாவது விடு, அம்பையாவது விடு' என்றான்.

காண்டிக்யன் மந்திரிகளைத் தனியே அழைத்துக் கேட்டான். 'மஹாராஜா, பகைவன் தானே கைக்குள் வந்திருக்கிறான். கொன்றுவிடுங்கள். பூமி முழுவதும் தங்களுடையதாகும்' என்று அவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். மந்திரிகளின் இயற்கை அது. அதற்காகவே சம்பளம் வாங்குகிறார்கள். காண்டிக்யன் மறுக்கவும் இல்லை. 'நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் கொன்றால் அவனுக்குப் பரலோகம், எனக்கு இந்த மண். கொல்லாவிட்டால் பரலோகம் எனக்கு. மண் சில நாட்களுக்கு; அது என்றைக்கும்' என்று கணக்கிட்டு, வெளியே வந்து, ப்ராயச்சித்தத்தை முறைப்படி சொல்லிக்கொடுத்தான். பகைவர் இருவரும் ஒரே மாதிரிக் கணக்குப் போட்டதைக் கவனிக்க வேண்டும். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் அல்லவா!

யாகம் முடிந்தது. தானம் கொடுக்கவேண்டியவர்க்கெல்லாம் கேசித்வஜன் கொடுத்துவிட்டான். ஆனாலும் மனம் நிறையவில்லை. ஏன் என்று யோசித்தபோது, உபதேசித்தவனுக்கு குருதக்ஷிணை கொடுக்கவில்லையே என்பது நினைவுக்கு வந்தது. மறுபடியும் தேரேறினான். மறுபடியும் காண்டிக்யன் ஆயுதம் எடுத்தான். 'தக்ஷிணை கொடுக்க வந்தேன், எது வேண்டுமோ கேள்' என்றான் கேசித்வஜன். மறுபடியும் மந்திரிகள் கூடினார்கள். 'ராஜ்யம் முழுவதையும் கேளுங்கள், போரின்றிக் கிடைக்கும் நாடு' என்றார்கள். காண்டிக்யன் சிரித்துவிட்டான். பொருளைப் பற்றி நல்ல ஆலோசனை சொல்கிறீர்கள், பரமார்த்தம் எது என்பதில் உங்களுக்குப் பயிற்சி இல்லை என்று சொல்லிவிட்டு, கேசித்வஜனிடம் சென்று, 'நீ ஆத்ம வித்தை அறிந்தவன். துன்பங்களையெல்லாம் தீர்க்கும் வழி எதுவோ அதைத் தா' என்று கேட்டான். கேசித்வஜனே திகைத்துப்போனான். க்ஷத்ரியர்களுக்கு ராஜ்யத்தைக் காட்டிலும் இனியது ஒன்று உண்டோ? நாட்டை ஏன் கேட்கவில்லை என்று அவன் வினவினான்.

பகைமை இவர்களுடைய இயற்கையாயிருந்தால் அது போயிருக்க முடியுமோ? நாட்டாசை க்ஷத்ரியனின் இயற்கையாயிருந்தால் காண்டிக்யன் சிரித்திருக்க முடியுமோ? இரண்டும் வந்தவை, ஆகவே போயின. கேசித்வஜன் சொன்ன உபதேசமும் இதைத்தான் தொட்டது. பாத்திரத்திலுள்ள நீர் நெருப்பைத் தொடுவதில்லை, பாத்திரத்தைத்தான் தொடுகிறது. ஆயினும் அந்தச் சேர்க்கையால் அது இரைகிறது, பொங்குகிறது, கரை மீறுகிறது. அவ்வாறே ஆத்மா ப்ரக்ருதியின் சேர்க்கையால், நான் என்றும் எனது என்றும் பொங்குகிறது. பொங்குதல் நீரின் குணமன்று. அடுப்பிலிருந்து இறக்கி வைத்தால், ஒருவரும் ஒன்றும் செய்யாமலே நீர் குளிர்கிறது. குளிர்ச்சியைப் புதிதாக எங்கும் வாங்கி வரவேண்டியதில்லை.

அடுப்படியில் நிற்கும் தாய்மார்களுக்கு இந்த வேதாந்தம் எளிதில் விளங்கும். பால் பொங்கும்போது அவர்கள் பாலை வைவதில்லை, அடுப்பைத் தணிக்கிறார்கள். முன்கோபியின் வீட்டாரும் இதைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்வது நலம்; முன்கோபியோ, தானே அடுப்பில் விறகு வைத்துக்கொண்டு 'நான் பொங்கும் சாதி' என்று சொல்வதை விட்டுவிடுவது நலம்.

வாஸனையைக் கேசித்வஜன் வழிப்போக்கன்மேல் படிந்த புழுதிக்கு ஒப்பிட்டான். ஆயிரமாயிரம் பிறவிகள் நடந்த ஜீவன்மேல் புழுதி ஏறியிருக்கிறது. ஞானமாகிய வெந்நீரால் கழுவினால் புழுதியும் போகும், களைப்பும் போகும். திருத்தலங்களுக்கு நெடுந்தூரம் நடந்து வந்தவர்களுக்குப் புழுதி என்றால் என்ன, வந்த இடத்தில் கால் கழுவினால் என்ன சுகம் என்பதெல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கால் கழுவுகிறவன் எவனும் புழுதியைத் தன் தோல் என்று நினைத்துப் பிடித்துக்கொள்வதில்லை.

இவ்வுபதேசத்திலே இன்னுமோர் உவமை வருகிறது. அதன்மேல் ஸம்ப்ரதாயத்தின் பெரிய வாதமொன்று நிற்கிறது. காந்தம் இரும்பை இழுப்பது போல, தன்னை த்யானிப்பவனை ப்ரஹ்மம் தன்னுடைய பாவத்துக்கு இழுத்துச் செல்கிறது என்பது அவ்வுவமை. பாவம் என்றால் என்ன? ஜீவன் ப்ரஹ்மமாகவே ஆகிவிடுகிறான் என்பது ஒரு சாராரின் பொருள். ஸ்ரீபாஷ்யகாரர் அதை ஏற்கவில்லை. பாவம் என்றால் ஸ்வபாவம், ஸ்வரூபம் அன்று. இழுக்கப்பட்ட இரும்பு, இழுத்த காந்தமாகவே ஆகிவிட்டதோ? இரும்பு இரும்பாகவே நிற்கிறது. ஆனால் காந்தத்தோடு சேர்ந்து நிற்கிறது. அவ்வாறே முக்தன் அவனுடைய தன்மைகளை ஒத்த தன்மை பெறுகிறான். அவனுக்கு அடியவனாகவே நிற்கிறான். 'இயற்கை' என்று ஒரே சொல்லால் மூடி வைத்திருந்தால் இந்த வேறுபாடு ஒருநாளும் வெளிப்பட்டிராது. பொருள் எது என்று சொல்வது ஸ்வரூபம். அப்பொருள் எப்படிப்பட்டது என்று சொல்வது ஸ்வபாவம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நேர்ந்த மயக்கங்கள் பல.

அப்படியானால் முக்தி என்பது புதிதாகக் கிடைக்கும் ஒரு பதவியோ? ப்ரஹ்மஸூத்ரத்தின் நான்காம் அத்தியாயம், நான்காம் பாதத்தின் முதல் ஸூத்ரம் இதற்கு விடை தருகிறது. பரஞ்சோதியை அடைந்த ஜீவன் தன்னுடைய சொந்த வடிவோடு விளங்குகிறான் என்று சாந்தோக்யம் ஓதுகிறது. 'தன்னுடைய' என்று உபநிஷத்து சொன்னதால், அது புதிதாக உண்டானதன்று, முன்பே உள்ளதன் வெளிப்பாடு என்று ஸூத்ரகாரர் தீர்ப்பளித்தார். அவ்விடத்தில் ஸ்ரீபாஷ்யம் விஷ்ணு தர்மத்தின் உவமைகளை எடுத்தாள்கிறது. இரத்தினத்தின் அழுக்கைக் கழுவுகிறவன் ஒளியை உண்டாக்கவில்லை. கிணறு தோண்டுகிறவன் நீரைப் படைக்கவில்லை. இருந்தது வெளிப்பட்டது.

ஏரி இருந்த மண்ணில் கிணறு தோண்டியவர்களின் வம்சத்தார் இந்நகரில் பலர் இருப்பர். அவர்களுக்கு இந்த உவமை புத்தகத்து உவமையன்று.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால், செய்தித்தாள்களில் வரும் 'இயற்கை எய்தினார்' என்ற சொற்றொடர் விந்தையாகத் தோன்றுகிறது. ஸ்வர்க்கம், வைகுண்டம் என்று சொல்லக் கூடாது என்று கருதியவர்களே அதைப் பெரிதும் வழக்கில் கொண்டுவந்தார்கள். மண்ணோடு மண்ணாயினார் என்பது அவர்கள் கருத்தாயிருக்கலாம். ஆனால் சொல் அவர்களுக்குக் கட்டுப்படவில்லை. தன் சொந்த இயல்பை அடைவதே மோக்ஷம் என்று உபநிஷத்து சொன்னதைத் தமிழில் பெயர்த்தால் 'இயற்கை எய்தினார்' என்றுதான் வரும். உடல் எய்துவது ஓர் இயற்கை, உயிர் எய்துவது வேறோர் இயற்கை என்று மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடியவனாயிருத்தல் உயிரின் இயற்கை. 'அடியேன் அடியவன் ஆயினேன்' என்பதைவிட 'அடியேன் அடியவன்' என்பதே தொல்காப்பியர் விதிக்கும் உடையவர் விதிக்கும் ஒருசேரப் பொருந்தும்.

இத்தனையும் ஜீவனின் இயல்பைப் பற்றியது. ஜீவன் தன் புழுதியைத் தானே கழுவி முடிக்கவேண்டுமானால், எத்தனை பிறவி ஆகும் என்று எண்ணும்போதே நெஞ்சு தளரும். அங்கேதான் ஸ்ரீராமாயணத்தின் யுத்த காண்டம் துணைக்கு வருகிறது.

ஸ்ரீவிபீஷணாழ்வான் நான்கு துணைவரோடு கடலைத் தாண்டி வந்து வானிலே நின்றான். சுக்ரீவ மஹாராஜர் ஆயுதங்களோடு எழுந்தார். வந்தவன் ராக்ஷஸன், ராவணனின் தம்பி, ஆபத்துக் காலத்தில் தமையனையே விட்டு வந்தவன் யாரைத்தான் விடமாட்டான் என்று அவர் வாதித்தார். அவர் பேசியது அவனுடைய இயற்கையைப் பற்றி. திருவடி எழுந்து, அவன் சொல்லிலும் முகத்திலும் கபடத்தின் அடையாளம் ஒன்றும் காணோம், அவனை ஏற்கலாம் என்று விண்ணப்பித்தார். அவர் பேசியதும் அவனுடைய இயற்கையைப் பற்றியே. கெட்டவன், ஆகவே தள்ளு என்றார் ஒருவர். நல்லவன், ஆகவே கொள் என்றார் மற்றவர். இருவரும் நின்ற தளம் ஒன்றே.

பெருமாள் அந்தத் தளத்தில் நிற்கவில்லை. குற்றம் உடையவனாகவே இருக்கட்டும் என்றார். தன் பேடையைக் கவர்ந்த வேடனுக்கும், அவன் தன் மரத்தடிக்கு வந்துவிட்டான் என்ற ஒன்றுக்காக, தன் மாம்ஸத்தையே கொடுத்த புறாவின் கதையைச் சொன்னார். பறவையின் இயற்கையே அவ்வாறாயின் ரகுகுலத்தில் பிறந்தவனின் இயற்கை எப்படியிருக்க வேண்டும் என்பது அதன் உட்கருத்து. ஒருமுறை சரணம் என்று வந்தவர்க்கு அபயம் அளிப்பது தம் விரதம் என்றார். விசாரணை விபீஷணனைப் பற்றியதாகத் தொடங்கியது. பெருமாள் வாய் திறந்ததும் அது பெருமாளைப் பற்றியதாக மாறிவிட்டது. வேதாந்த தேசிகன் இக்கட்டத்துக்கென்றே அபயப்ரதானஸாரம் என்னும் தனிக் கிரந்தத்தை அருளிச்செய்தார் என்றால் இதன் கனம் விளங்கும்.

விபீஷணனின் ஸ்வபாவம் நல்லதா, கெட்டதா என்ற வழக்குக்குப் பெருமாள் தீர்ப்புச் சொல்லவேயில்லை. ராவணனே வந்து நின்றாலும் அழைத்து வாரும் என்று மஹாராஜரையே அனுப்பினார். சற்று முன்பு கொல்லவேண்டும் என்று ஆயுதத்தோடு எழுந்த மஹாராஜர், மறுவார்த்தை பேசாமல், அவனைத் தமக்கு நிகரான தோழனாக ஏற்றுக்கொண்டார். விபீஷணாழ்வான் வானிலிருந்து மண்ணில் இறங்கி, பெருமாள் திருவடிகளில் விழுந்தான்.